டெல்லியில் மலை எங்கே இருக்கு? அரவல்லி நடையும் டப்பா வேட்டையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆர்.கே.புரம் மலை மந்திரில் சாமி கும்பிட்டு இறங்கி, செருப்புக் கூண்டிலிருந்து என் ஷூவை எடுக்கும்போது யாராவது ஒருவர் பார்த்துவிடுவார். ஷூ முழுக்கச் செம்மண், லேஸில் முள். "காலங்காத்தால எங்க போயிட்டு வரீங்க?" என்று ஆரம்பிக்கும் பேச்சு, வீடு வந்து சேரும் வரை ஓயாது. அரவல்லிக் குன்றுகளில் நடப்பது, யாரோ ஒளித்துவைத்த டப்பாவை ஜி.பி.எஸ். வைத்துத் தேடுவது, இந்த இரண்டையும் பற்றிய கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன்.

டெல்லியில் ஏது மலை? மலை பார்க்க வேண்டுமென்றால் ரிஷிகேஷ், சிம்லா போக வேண்டாமா?

இப்போது இறங்கி வந்தீர்களே, அந்தப் படிகள் எதன்மேல் ஏறுகின்றன? 1973-ல் குடமுழுக்கு கண்ட இந்தச் சுவாமிநாதன் கோயிலுக்கு இடம் பார்த்தவர்கள் குன்று தேடித்தான் போயிருக்கிறார்கள். குன்றும் கிடைத்தது. குஜராத்தின் பாலன்பூர்ப் பக்கம் தொடங்கி, ராஜஸ்தான், ஹரியானா வழியாக ஏறத்தாழ 670 கிலோமீட்டர் வரும் அரவல்லித் தொடர், டெல்லிக்குள் நுழைந்து, வடக்கே பல்கலைக்கழகத்தைத் தாண்டி யமுனைக் கரையில் மண்ணுக்குள் இறங்கிவிடுகிறது. டெல்லிக்காரர்கள் 'ரிட்ஜ்' என்று சொல்வது அதைத்தான். இமயமலை இதன் முன்னால் நேற்றுப் பிறந்த குழந்தை. அரவல்லிப் பாறைகளுக்கு வயது நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல்.

உயரத்தை மட்டும் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். மவுண்ட் அபுவில் குரு ஷிகர் 1,722 மீட்டர். டெல்லி எல்லைக்குள் வந்தால் அதிகபட்சமே 318 மீட்டர்தான். நகரமே கடல்மட்டத்துக்கு மேல் 200 மீட்டருக்குக் கூடுதலாக இருப்பதால், நாம் உண்மையில் ஏறுவது நம் பரங்கிமலை அளவுதான். ஆனால் மேலும் கீழுமாகப் பத்து கிலோமீட்டர் நடந்து பாருங்கள், முழங்கால் கணக்குச் சொல்லும்.

டெல்லி பாலைவன நகரமா?

மணல்மேடும் ஒட்டகமும்தான் பாலைவனம் என்றால், இல்லை. ஆண்டுக்கு 700 முதல் 800 மில்லிமீட்டர் மழை பெய்கிற ஊர் இது. ஆனால் அந்த மழையில் பெரும்பகுதி ஜூலை முதல் செப்டம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். மிச்ச மாதங்களில் ரிட்ஜ் காய்ந்த முள்காடு. மே மாதம் தார்ப் பாலைவனத்தின் பக்கமிருந்து 'லூ' என்கிற அனல்காற்று வீசும்போது நாக்கில் மணல் தட்டும்.

இதற்கு நம்மிடம் பழைய விளக்கம் ஒன்று உண்டு. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் திரிந்தால் அதுதான் பாலை. தனியாக ஒரு நிலம் கிடையாது, பருவம் செய்கிற வேலை அது. ஆகஸ்டில் டெல்லியின் அசோலா காட்டுக்குப் போய்விட்டு மே மாதம் அதே பாதையில் மறுபடி போய்ப் பாருங்கள், இலக்கணம் கண்முன் நிற்கும். சங்கப் பாட்டில் பாலை வழியில் நிற்கும் உகாய் மரம்கூட இங்கே உண்டு. பீலு, ஜால் என்று சொல்வார்கள்.

எந்த மாதம் போகலாம்?

என்னைக் கேட்டால் பிப்ரவரி. பனிமூட்டம் விலகியிருக்கும், வெயில் ஏறியிருக்காது. மாதக் கடைசியில் புரசு பூக்க ஆரம்பிக்கும். இங்கே டாக், பலாஷ் என்பார்கள், நம் புரசைவாக்கத்துக்குப் பெயர் கொடுத்த அதே மரம். இலையே இல்லாத கிளையில் நெருப்பு பற்றிய மாதிரி இருக்கும். ஹோலிக்குள் போய்ப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது மழை விட்ட செப்டம்பர் கடைசியும் அக்டோபர் முதல் பாதியும். தீபாவளிக்குப் பிறகு புகை. காற்றுத் தரக் குறியீடு 300-ஐத் தாண்டினால் நான் வெளியே கிளம்புவதில்லை. உடற்பயிற்சி என்று சொல்லிக்கொண்டு அந்தக் காற்றை ஆழமாக இழுத்து நடப்பது அசட்டுத்தனம். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் காலை ஒன்பது மணி வரை பத்தடி தள்ளி ஒன்றும் தெரியாது. மே, ஜூனில் 45 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. போயே ஆகவேண்டுமென்றால் விடியும்போது தொடங்கி எட்டு மணிக்குள் காரில் இருக்க வேண்டும்.

முதல்முறை. எங்கே தொடங்கலாம்?

வடக்கு ரிட்ஜ். மஞ்சள் வழித்தடத்தில் விஷ்வவித்யாலயா மெட்ரோவில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். சின்னக் காடு, தார் போட்ட பாதையும் உண்டு, வழி தவறுவது கடினம். 1828-ல் கட்டிய ஃப்ளாக்ஸ்டாஃப் கோபுரம் உச்சியில் நிற்கிறது. 1857 மே 11 அன்று கலகம் வெடித்தபோது ஆங்கிலேயக் குடும்பங்கள் ஓடிவந்து கூடிய இடம். அங்கிருந்து தெற்கே நடந்தால் பீர் காயிப் என்ற பழைய கட்டடம், அதையடுத்து அசோகர் தூண். மீரட்டிலிருந்து ஃபிரோஸ் ஷா துக்ளக் கொண்டுவந்து நட்டது. பிறகு ஒரு வெடிவிபத்தில் ஐந்து துண்டாகி, 1867-ல் ஒட்டி நிறுத்தப்பட்டது. ஒட்டு இன்றும் தெரியும். கடைசியில் 1857-ல் ஆங்கிலேயர் தரப்பில் இறந்தவர்களுக்கு எழுப்பிய 1863-ன் நினைவுக் கோபுரம், இப்போது பெயர் அஜித்கட். எல்லாம் சேர்த்து ஒரு மணி நேர நடைதான், குழந்தைகளோடு போனால் இரண்டு. குரங்குகள் கையிலிருப்பதைப் பிடுங்கும், அது ஒன்றுதான் தொல்லை.

அது பழகியதும் சஞ்சய் வன். மெஹ்ரோலிக்கும் வசந்த்குஞ்சுக்கும் நடுவே இருக்கும் அந்தக் காட்டுக்குள், தோமர் அரசர்கள் காலத்து லால் கோட் கோட்டையின் சுவர் புதருக்குள்ளிருந்து திடீரென்று எழுந்து நிற்கும். சுவர்மேல் ஏறி நின்றால் குதுப்மினார் மரங்களுக்கு மேலே தெரியும். டெல்லியில் எனக்குப் பிடித்த காட்சி அதுதான். உள்ளே பேய் இருக்கிறது என்று இணையத்தில் நிறையக் கதை ஓடுகிறது. எட்டு வருஷத்தில் நான் பார்த்ததெல்லாம் நீலான் மாடுகளும், கல்லூரியைக் கட் அடித்துவிட்டு வந்த பிள்ளைகளும்தான்.

ஜே.என்.யூ. வளாகத்துக்குள் உங்களுக்குத் தெரிந்தவர் இருந்தால் பார்த்தசாரதி ராக்ஸ் போய் ஒரு சாயங்காலம் உட்காருங்கள். முதல் துணைவேந்தர் ஜி. பார்த்தசாரதியின் பெயர். டெல்லியில் ஒரு பாறை தமிழர் பெயரில் இருக்கிறது என்று சொன்னால் நம்மவர்களே நம்புவதில்லை.

கொஞ்சம் கஷ்டமான பாதை வேண்டும்.

துக்ளகாபாத் கோட்டை. கியாசுதீன் துக்ளக் 1321-ல் தொடங்கினார், சில ஆண்டுகளிலேயே ஊர் காலியாகிவிட்டது. மதில் சுற்றளவு 6 கிலோமீட்டருக்கு மேல். நிஜாமுதீன் அவுலியாவின் சாபம் என்பார்கள்: "யா ரஹே உஜ்ஜர், யா பசே குஜ்ஜர்". பாழாய்க் கிடக்கும், இல்லாவிட்டால் குஜ்ஜர் என்ற மேய்ச்சல் சமூகத்தார் குடியிருப்பார்கள் என்று அர்த்தம். அக்கம்பக்கத்துக் கிராமங்களைப் பார்த்தால் சாபம் இரண்டு விதமாகவும் பலித்துவிட்டது தெரியும். தொல்லியல் துறையின் இடம், டிக்கெட் உண்டு. உள்ளே கல்லும் சரளையும் இடறும், நல்ல ஷூ இல்லாமல் போகாதீர்கள்.

குருகிராமில் அரவல்லி பல்லுயிர்ப் பூங்காவையும் விட்டுவிடாதீர்கள். குரு துரோணாச்சார்யா மெட்ரோவிலிருந்து ஆட்டோவில் போகலாம். 380 ஏக்கருக்கு மேல். கல் வெட்டிக் குடைந்து விட்டிருந்த நிலம் அது. 2010-லிருந்து ஊர் மக்கள் சேர்ந்து அரவல்லிக்கே உரிய மரங்களை மட்டும் தேடிப்பிடித்து நட்டிருக்கிறார்கள். மற்ற ரிட்ஜ் பகுதிகளில் நீங்கள் காண்பது பெரும்பாலும் விலாயதி கீகர். பெயரைப் பார்த்துப் புது மரம் என்று நினைக்க வேண்டாம், நம் ராமநாதபுரத்துச் சீமைக் கருவேலமேதான். அங்கே நம்மைப் படுத்தியது போதாதென்று இங்கேயும் வந்து நிற்கிறது. அந்த முள் சாதாரண ஷூவின் அடிப்பாகத்தைத் துளைத்து உள்ளே வரும். எனக்கு ஒருமுறை குதிகாலில் ஏறி, நான்கு நாள் நொண்டினேன்.

அசோலா பட்டி சரணாலயம் எப்படி?

டெல்லியிலேயே பெரிய காடு, 32 சதுர கிலோமீட்டருக்கு மேல். ஒரு காலத்தில் ஊர் முழுக்கக் கட்டடம் எழுப்ப 'பதர்பூர்' மணல் தோண்டிய சுரங்கங்கள் இங்கேதான் இருந்தன. தோண்டிய பள்ளங்களில் தண்ணீர் ஊறி ஏரிகளாகிவிட்டன. நீலி ஜீல் பெயருக்கேற்ற நீலம்.

இது வனவிலங்குச் சரணாலயம், நினைத்த இடத்தில் புகுந்து நடக்கக் கூடாது. வாசலில் அனுமதி வாங்கி, அவர்கள் விட்ட பாதையில் மட்டும் போக வேண்டும். 2007-ல் உயர் நீதிமன்றம் சொன்னதன்பேரில் நகரத்துக் குரங்குகளைப் பிடித்துவந்து இங்கேதான் விட்டார்கள், ஆயிரக்கணக்கில். பையில் சிப்ஸ் பாக்கெட் சத்தம் கேட்டால் போதும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். அசோலாவை ஒட்டி ஃபரிதாபாத் பக்கம் உள்ள சுரங்க ஏரி எதிலும் இறங்காதீர்கள். கரையில் முழங்கால் ஆழம் மாதிரி தெரியும், அடுத்த அடியில் செங்குத்தாகப் பல ஆள் ஆழம். அவற்றில் ஒன்றுக்கு 'டெத் வேலி' என்றே பெயர் வந்துவிட்டது. கிணற்றில் நீச்சல் பழகிய நம் ஊர்ப் பையன்கள்தான் "நமக்கென்ன" என்று குதிப்பார்கள்.

மாங்கர் பனி என்று சொல்கிறார்களே?

நம் ஊர்க் கோயில்காடு மாதிரி. குருகிராம், ஃபரிதாபாத் சாலையிலிருந்து உள்ளே, குஜ்ஜர் கிராமங்கள் காத்துவரும் பள்ளத்தாக்கு. குதரியா தாஸ் பாபாவின் காடு. அதில் ஒரு குச்சி ஒடித்தாலும் குடும்பத்துக்கு ஆகாது என்ற பயத்தில் தலைமுறை தலைமுறையாக யாரும் கோடரி வைக்கவில்லை. அரவல்லி முழுவதும் முன்பு எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க வேண்டுமென்றால் இந்தத் தௌ மரக்காட்டைத்தான் பார்க்க வேண்டும். சுற்றுவட்டாரத்தில் கற்காலக் கருவிகளும் பாறை ஓவியங்களும் கிடைத்திருக்கின்றன. கிராமத்து ஆள் ஒருவரைத் துணைக்குக் கேட்டுக்கொண்டு போங்கள். அங்கே டப்பா ஒளிக்கிற எண்ணம் வேண்டவே வேண்டாம், அடுத்தவர் கோயிலுக்குள் விளையாடுகிற மாதிரி ஆகிவிடும்.

பலகை இல்லாத பாதையை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

முதலில் வீட்டில் உட்கார்ந்தபடி. கூகுள் வரைபடத்தில் ரிட்ஜ் வெறும் பச்சைத் திட்டு. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைத் திறந்தால் அதற்குள் ஒற்றையடிப் பாதைகள் புள்ளிக்கோடாக ஓடும், யாரோ நடந்து வரைந்தவை. அதைக் காட்டும் ஆர்கானிக் மேப்ஸ், ஓஸ்மாண்ட் மாதிரிச் செயலியில் ஹரியானாவையும் டெல்லியையும் இறக்கி வைத்துக்கொண்டால், பள்ளத்தில் சிக்னல் போனாலும் கவலையில்லை. பிறகு செயற்கைக்கோள் படம். அதில் மே மாதத்துப் படத்தைத் தேடிப் பாருங்கள். மழைக்காலப் படத்தில் எல்லாம் பச்சை, பாதை மூடியிருக்கும். கோடையில் ஆட்டுத்தடம்கூட வெள்ளைக் கோடாகத் தெரியும்.

அதற்கப்புறம் ஆடு மேய்ப்பவர்கள். எந்தச் செயலியும் அவர்கள் கிட்டே நெருங்க முடியாது. "தாவு, யே பக்டண்டி கஹாம் நிகல்தீ ஹை?" (இந்த ஒற்றையடிப் பாதை எங்கே போய்ச் சேரும்?) என்று கேளுங்கள். ஹரியானாவில் பெரியவரை 'தாவு' என்று கூப்பிட்டால் முகம் மலரும். அண்ணாச்சி என்று கூப்பிடுகிற மாதிரி. இந்தி வராது என்று தயங்க வேண்டாம். நான் வந்த புதிதில் 'பக்டண்டி'க்குப் பதில் 'பகோடா' என்று சொல்லி, அவர் ஊர்க்கடையைக் காட்டிவிட்டார். அதுவும் நல்ல பகோடாதான்.

டப்பா வேட்டை என்று சொல்கிறீர்களே, அது என்ன?

ஜியோகேஷிங். ஒருவர் ஒரு டப்பாவை எங்காவது ஒளித்துவைத்து, அதன் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் போனில் ஜி.பி.எஸ். வைத்துத் தேடிப்போய், உள்ளே இருக்கும் காகிதச் சுருளில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே திரும்ப வைப்பார்கள். உள்ளே சின்னப் பொம்மை ஏதாவது இருந்தால் எடுத்துக்கொள்ளலாம், அதே மதிப்புக்கு ஒன்றை நாம் வைக்க வேண்டும். 'கேஷ்' என்றால் ரொக்கம் என்று நினைத்து மிகுந்த ஆர்வத்தோடு கூட வந்த ஒரு மாமா, ஒரு துண்டுக் காகிதத்தைப் பார்த்து நொந்துபோனார். அன்றிலிருந்து நான் டப்பா என்றே சொல்கிறேன்.

பிறந்த கதை சுவையானது. அமெரிக்கா தன் ஜி.பி.எஸ். சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை கலந்து கொடுத்துவந்தது. பொதுமக்களுக்கு 100 மீட்டர்வரை தப்பாகக் காட்டும். 2000 மே 2 அன்று அந்தக் கலப்படத்தை நிறுத்தினார்கள். மறுநாளே, மே 3 அன்று, டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் ஒரு கறுப்பு வாளியில் சில சாமான்களைப் போட்டுக் காட்டோரம் வைத்து, இடத்தின் எண்களை இணையத்தில் எழுதினார். சில நாட்களுக்குள் ஒருவர் தேடிக் கண்டுபிடித்துவிட்டார். இன்று உலகம் முழுக்க 30 லட்சத்துக்கும் மேல் டப்பாக்கள்.

டெல்லியில் டப்பாக்கள் இருக்கின்றனவா?

இருக்கின்றன, ஐரோப்பிய நகரங்களோடு ஒப்பிட்டால் விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒளித்து வைப்பவர்களில் வெளிநாட்டிலிருந்து சில வருஷம் வேலைக்கு வந்து போனவர்கள் அதிகம் என்பது என் அனுபவம். அவர்கள் ஊரைவிட்டுப் போனதும் டப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அதனால் கிளம்புமுன் செயலியில் இரண்டைப் பாருங்கள். கடைசியாக யார், எப்போது கண்டுபிடித்தார்கள்? தொடர்ந்து இரண்டு மூன்று பேர் 'கிடைக்கவில்லை' என்று எழுதியிருந்தால் போகாதீர்கள்.

டெல்லிக்குப் பொருத்தமான வகைகள் வேறு. மெய்நிகர் வகையில் டப்பாவே கிடையாது. அந்த இடத்தில் நின்றால்தான் தெரிகிற ஒரு கேள்விக்குப் பதில் அனுப்ப வேண்டும். பூமிப்பாடம் சொல்லும் 'எர்த்கேஷ்' இன்னொன்று, பாறையைப் பார்த்துப் பதில் எழுத வேண்டும். அரவல்லியின் குவார்ட்சைட் பாறைக்கு இது அமைந்த மாதிரி. கூடவே ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண் இருக்கும், ஒன்று முதல் ஐந்து வரை. தேடுவதன் கஷ்டம் ஒன்று, போய்ச் சேரும் தரையின் கஷ்டம் ஒன்று. தொடக்கத்தில் இரண்டும் ஒன்றரைக்குள் இருப்பதை எடுங்கள்.

எண்ணைப் போட்டால் வேறு எங்கோ காட்டுகிறதே?

பத்தில் எட்டுப் பேர் சறுக்குவது இங்கேதான். ஜியோகேஷிங்கில் எண் வரும் முறை: டிகிரி, பிறகு நிமிடமும் அதன் தசமப் பின்னமும். கூகுள் காட்டுவது டிகிரியும் அதன் தசமப் பின்னமும். 28.50 டிகிரி என்பதை 28 டிகிரி 50 நிமிடம் என்று போட்டீர்களானால், துக்ளகாபாத்தில் தேட வேண்டிய டப்பாவுக்கு 37 கிலோமீட்டர் வடக்கே போய் நிற்பீர்கள். பாதி டிகிரி என்பது 30 நிமிடம், கடிகாரம் மாதிரி.

எண்ணைச் சரியாகப் போட்டாலும் கடைசி அடி வரை போன் கொண்டுபோய் விடாது. நிமிடத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு வடக்கு தெற்கில் 1.85 மீட்டர். போனின் பிழையோ திறந்த வெளியிலேயே நான்கைந்து மீட்டர், மரத்தடியில் இன்னும் கூடும். பத்து மீட்டருக்குள் வந்ததும் போனைப் பையில் போட்டுவிட்டு, "நானாக இருந்தால் எங்கே ஒளிப்பேன்?" என்று யோசியுங்கள். என் மகள் இதில் என்னை எப்போதும் முந்துகிறாள். உயரம் குறைவு, கல்லுக்கு அடியில் நேராகத் தெரிகிறது அவளுக்கு.

புதருக்குள் தேடினால் போலீஸ் சந்தேகப்படாதா?

படும், படத்தான் வேண்டும். 1985-ல் டிரான்சிஸ்டர் குண்டுகள் வெடித்த ஊர் இது. 'லாவாரிஸ் வஸ்து'வை, அதாவது யாரும் உரிமை கோராத பொருளை, தொடாதே என்று மெட்ரோவில் நாள் முழுக்கச் சொல்கிறார்கள். அந்த ஊரில் கல்லிடுக்கில் கையைவிட்டு டப்பா எடுத்தால் யாருக்கும் வயிறு கலங்கும். ஒரு பூங்காவில் காவலாளி ஒருவர் என்னை நிற்கவைத்து அரைமணி நேரம் கேள்வி கேட்டார். செயலியைத் திறந்து காட்டி, டப்பாவை அவர் கையாலேயே திறக்கச் சொன்னேன். கடைசியில் காகிதத்தில் அவரும் இந்தியில் கையெழுத்துப் போட்டார்.

ராணுவ வளாகம், விமான நிலையம், ரயில் பாதை, தூதரகப் பகுதி, இவற்றின் அருகே தேடவும் வேண்டாம், ஒளிக்கவும் வேண்டாம். தொல்லியல் துறைச் சின்னங்களில் கல்லை நகர்த்துவது, தோண்டுவது குற்றம். வெளிநாட்டிலிருக்கும் உறவினர் யாராவது மலையேற்றத்துக்கு என்று செயற்கைக்கோள் வழி செய்தி அனுப்பும் கருவி கொண்டுவந்தால், விமானம் ஏறும் முன்பே தடுத்துவிடுங்கள். செயற்கைக்கோள் போனும் அதே இனம். அனுமதியில்லாமல் இந்தியாவில் வைத்திருந்ததற்காகக் கைதானவர்கள் உண்டு.

நாமே ஒரு டப்பா ஒளித்து வைக்கலாமா?

தாராளமாக. இடத்துக்குப் பொறுப்பானவரிடம் அனுமதி வாங்க வேண்டும். வேறு டப்பாவிலிருந்து 161 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது. நீங்கள் மாற்றலாகிப் போனாலும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

டப்பா விஷயத்தில் நான் கற்ற பாடங்கள் நிறைய. முதலில் எவர்சில்வர் சம்படம் வைத்தேன், வீட்டில் கேட்காமல் எடுத்தது. பளபளப்பு யாரோ ஒரு கபாடிக்காரர் கண்ணில் பட்டு, ஒரே வாரத்தில் எடைக்குப் போயிருக்கும். அடுத்து மெல்லிய பிளாஸ்டிக், இரண்டே கோடையில் அப்பளமாய் நொறுங்கியது. மூன்றாவது டப்பாவில் ஊறுகாய் வாசனை போகவில்லை, குரங்கு தூக்கிக்கொண்டு போய்விட்டது. இப்போது வைத்திருப்பது ரப்பர் வளையமும் நான்கு பக்கப் பூட்டும் உள்ள தடித்த டப்பா, வெளியே மண்நிறப் பெயின்ட், உள்ளே ஜிப் உறையில் காகிதம். பேனா வைக்காதீர்கள், வெயிலில் மை கசியும். பென்சில்தான். இது என்ன என்று டப்பாவின் மேலேயே இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டுங்கள், முடிந்தால் உள்ளிருப்பது வெளியே தெரிகிற டப்பாவாக வாங்குங்கள். பயப்படுகிறவருக்குப் பாதிப் பயம் போகும்.

பாம்பு, சிறுத்தை?

அசோலா, மாங்கர்ப் பக்கம் சிறுத்தைகள் கேமராவில் பதிவாகியிருக்கின்றன. பகலில் கூட்டமாகப் போகிறவர்களுக்கு அது தென்படுவது அபூர்வம். பொழுது சாய்வதற்குள் வெளியே வந்துவிடுங்கள், அவ்வளவுதான். எனக்குப் பயம் பாம்புதான், அதுவும் டப்பா தேடுகிறவர்களுக்கு. சுருட்டை விரியன் கல்லடியில் சுருண்டு கிடக்கும், கல்லின் நிறமே அதன் நிறம். கண்ணுக்குத் தெரியாத இடுக்கில் கை விடாதீர்கள். முதலில் டார்ச், பிறகு குச்சி, கடைசியில்தான் கை. கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 112-ஐ அழைத்துப் பெரிய அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

பெண்கள் தனியாகப் போகலாமா?

வடக்கு ரிட்ஜ், குருகிராம் பூங்கா: காலை நடைக்காரர்கள் இருக்கும் நேரத்தில் போகலாம். சஞ்சய் வன்னின் உட்பகுதி, மத்திய ரிட்ஜ், ஹரியானாக் குன்றுகள்: நான் ஆணாக இருந்தும் தனியாகப் போவதில்லை. நான்கு பேராவது சேர்ந்து போங்கள், எங்கே போகிறீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டு.

நிஜமான பாலைவன நகரத்தில் நடக்க ஆசை.

ஜோத்பூர். பழைய டெல்லியில் இரவு மண்டோர் எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் இறங்கலாம். மெஹ்ரான்கட் கோட்டைக்கு அடியில் ராவ் ஜோதா பாலைப் பாறைப் பூங்கா, சுமார் 70 ஹெக்டேர். சுமார் எழுபது கோடி ஆண்டுகளுக்கு முந்தைய எரிமலைப் பாறைமேல் நடக்கிறீர்கள். இங்கேயும் எதிரி சீமைக் கருவேலம். 1930-களில் மகாராஜா விமானத்திலிருந்து விதை தூவியதாகச் சொல்வார்கள். 2006-ல் வேலையைத் தொடங்கியவர்கள் வெட்டிப் பார்த்தார்கள், மறுபடி துளிர்த்தது. கடைசியில் கல்லுடைக்கும் காண்ட்வாலியாக்களைக் கூட்டிவந்தார்கள். அவர்கள் பாறையைத் தட்டி, ஓசையை வைத்தே எங்கே விரிசல் என்று கண்டு, உளியால் குடைந்து வேரோடு எடுத்தார்கள். அந்தக் குழிகளில் மண் நிரப்பிப் பாலைக்குரிய செடிகளை வைத்திருக்கிறார்கள். நடைபாதைகளுக்கு வண்ணக் குறி உண்டு. ஒரு பாதை, கோட்டைக் குளங்களுக்கு மழைநீர் கொண்டுவரப் பாறையை வெட்டிய பழைய வாய்க்காலுக்குள்ளேயே இறங்கிப் போகிறது. அக்டோபருக்கு முன் போகாதீர்கள்.

நேரமிருந்தால் 26 கிலோமீட்டர் தள்ளி கேஜட்லி கிராமம். கேஜ்ரி என்பது நம் கோயில்களின் வன்னி மரம். 1730-ல் அந்த மரங்களை வெட்ட வந்த அரசன் ஆட்களைத் தடுத்து, அம்ருதா தேவி தொடங்கி பிஷ்னோய் சமூகத்தார் 363 பேர் மரத்தைக் கட்டிப்பிடித்தபடி உயிர்விட்டார்கள். வன்னியும் சீமைக் கருவேலமும் உறவுக்காரர்கள் என்பதை அங்கே நின்று நினைத்தால் ஒரு மாதிரியாக இருக்கும்.

பையில் என்ன வைத்துக்கொள்வது?

ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், கோடையில் உப்பும் சர்க்கரையும். முழுக்கால் பேன்ட். தடித்த அடிப்பாக ஷூ. முள் எடுக்கச் சாமணம், டார்ச், பவர் பேங்க். குப்பைக்கு ஒரு காலிப் பை, போகிற வழியில் கிடப்பதையும் பொறுக்கி வரலாம். சாப்பாட்டுக்குப் புளியோதரையைவிடச் சிறந்தது எதுவும் இல்லை. மூடியை மட்டும் குரங்கு இல்லாத இடத்தில் திறங்கள்.

இரண்டு மணி நேரம் தேடியும் கிடைக்கவில்லை என்றால்?

'கிடைக்கவில்லை' என்று பதிவு போடுங்கள். வெட்கப்பட்டுப் பலர் போடுவதில்லை. அடுத்து வருகிறவருக்கு அந்த ஒரு வரிதான் உதவி. சஞ்சய் வன்னில் ஒரே டப்பாவுக்கு நான் மூன்று முறை அப்படி எழுதியிருக்கிறேன். நான்காவது முறை கூட வந்த ஒரு பாட்டி, முட்டி வலிக்கிறது என்று ஒரு கல்லில் உட்கார்ந்தார். கல் ஆடியது.